ஹாமர் ஸ்டுடியோ எங்கே சறுக்கியது?

கறுப்புத்திரை:

ஒரு மாதமாக, பிரிட்டிஷ் பேய்ப்படக் கம்பெனியான ஹாமரின் படங்களை வருட வரிசைப்படி பார்த்து வந்தேன். 1955-ல் ஆரம்பித்து 1976 வரை, நல்ல படம் மோசமான படம் என்று பார்க்காமல், கையில் கிடைத்த எல்லாவற்றையும். முடித்ததிலிருந்து மனம் ஒரு மாதிரியாக இருக்கிறது. ஒரு குடும்பம் நன்றாக வாழ்ந்து நொடித்துப் போனதைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்த மாதிரி.

ஹாமர் ஏன் விழுந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். 1973-ல் 'எக்சார்சிஸ்ட்' என்ற அமெரிக்கப் பேய்ப்படம் வந்தது, அதற்கு அப்புறம் கோட்டையும் கோரைப்பல்லும் யாரையும் பயமுறுத்தவில்லை என்று. எனக்கு அது ஒத்துவரவில்லை. படங்களை வரிசையாகப் பார்த்தால் இறக்கம் அதற்கு ஆறேழு வருடம் முன்பே தெரிகிறது. என் கட்சி இதுதான்: 1966 கடைசியில் பிரே ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பினார்களே, அன்றைக்கே அவர்களுடைய பாதி உயிர் போய்விட்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1934 நவம்பரில் லண்டனில் பதிவான கம்பெனி இது. வில்லியம் ஹிண்ட்ஸ் என்பவர் நகை வியாபாரக் குடும்பம், மேடையில் காமெடியும் செய்வார், அவருடைய மேடைப் பெயர் வில் ஹாமர். அந்தப் பெயர்தான் கம்பெனிக்கு வந்தது. கூட்டாளியாக வந்தவர் என்ரிக் கரேராஸ், ஸ்பெயினிலிருந்து வந்து தியேட்டர் நடத்தியவர். 1937-லேயே கம்பெனி ஒருமுறை திவாலானது. விநியோகத்துக்காக வைத்திருந்த எக்ஸ்க்ளூசிவ் பிலிம்ஸ் மட்டும் பிழைத்தது. போருக்கு அப்புறம் பிள்ளைகள் ஜேம்ஸ் கரேராஸும் ஆண்டனி ஹிண்ட்ஸும் சேர்ந்து மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். ரேடியோவில் ஏற்கெனவே பெயர் வாங்கிய தொடர்களை எடுத்துச் சின்னப் படமாகப் போட்டார்கள். ஸ்டுடியோ வாடகை கட்டுப்படியாகாது என்பதால் பெரிய பழைய பங்களாக்களை வாடகைக்கு எடுத்து அங்கேயே படம் பிடித்தார்கள். அப்படி மாறி மாறிக் கடைசியில் 1951-ல் தேம்ஸ் நதிக்கரையில் பிரே கிராமத்துப் பக்கம் இருந்த டவுன் பிளேஸ் என்ற வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வீடுதான் பிரே ஸ்டுடியோ.

ஒரு வீடு. அதற்குள் ஹால், படிக்கட்டு, தோட்டம், பின்னால் நதி. அதை வைத்துத்தான் திரான்சில்வேனியாவையும் எகிப்தையும் காட்டினார்கள்.

ரீல்பெட்டி:

நல்ல இழை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஹாமர் பேய்க் கம்பெனியானதே ஒரு டிவி தொடரால்தான். 1953-ல் பிபிசியில் நைஜல் நீல் எழுதிய 'குவாட்டர்மாஸ்' ஒளிபரப்பானது. அதை 1955-ல் வால் கெஸ்ட் இயக்கத்தில் படமாக்கினார்கள். பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம் என்ற எக்ஸ் சான்றிதழ் கிடைத்தால் மற்ற கம்பெனிகள் தயங்கிய காலம் அது. இவர்கள் தலைப்பிலேயே 'எக்ஸ்பெரிமென்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தை வெட்டிவிட்டு, எக்ஸ் எழுத்தில் ஆரம்பிக்கிற மாதிரி போஸ்டர் அடித்தார்கள். தடையைத் தூக்கி விளம்பரமாக மாட்டிய தைரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் படம் ஓடியதைப் பார்த்துத்தான் பயத்துக்கு இவ்வளவு பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரிந்தது.

கறுப்புத்திரை:

ஆமாம், அதற்கு அடுத்த அடிதான் பெரிய அடி. 1957, 'தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்'. சுமார் 65 ஆயிரம் பவுண்டில் எடுத்த கலர் படம். யுனிவர்சல் கம்பெனி, 1931 படத்தில் இருந்த அந்தத் தட்டைத் தலை, கழுத்து போல்ட் மேக்கப்பைத் தொட்டால் வழக்கு என்ற நிலையில் இருந்தது. அதனால் ஃபில் லீக்கி என்ற மேக்கப் கலைஞர் புதிதாக ஒரு முகம் செய்ய வேண்டி வந்தது. தையல் போட்ட, வெந்துபோன, பாவமான ஒரு முகம். உள்ளே கிறிஸ்டோபர் லீ. எதிரே டாக்டராகப் பீட்டர் குஷிங்.

அவர்கள் இருவரும் பழக ஆரம்பித்த கதையை லீ பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு வசனம்கூட இல்லையே என்று புலம்பிக்கொண்டு போனாராம். குஷிங் திரும்பிப் பார்த்து, நீ அதிர்ஷ்டசாலி, நான் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டேன் என்றாராம். அங்கே ஆரம்பித்த நட்பு குஷிங் இறக்கும்வரை நீடித்தது.

இயக்கம் டெரன்ஸ் ஃபிஷர், எழுத்து ஜிம்மி சாங்ஸ்டர், கேமரா ஜாக் ஆஷர், செட் பெர்னார்ட் ராபின்சன், இசை ஜேம்ஸ் பெர்னார்ட். இந்தப் பெயர்களை நினைவில் வையுங்கள், மறுபடி மறுபடி வரும். அடுத்த வருடம் 'டிராகுலா'வை எடுத்ததும் இதே கூட்டம்தான். பெர்னார்டின் அந்த இசையைக் கவனித்தீர்களா? மூன்று சுரம் இறங்கி அடிக்கும், 'டிரா-கு-லா' என்று பெயரையே வாத்தியத்தில் கூப்பிடுவார். கேட்டுவிட்டால் மண்டையை விட்டுப் போகாது.

கணக்குப்பிள்ளை:

கறுப்புத்திரை, நீங்கள் எழுதுவதை ரசித்துத்தான் படிக்கிறேன், ஆனால் முடிவு தவறு என்று நினைக்கிறேன். வீடு, குடும்பம் என்று உருகுவதற்கு முன்னால் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

ஜேம்ஸ் கரேராஸ் படம் எடுப்பவர் என்பதைவிடப் படம் விற்பவர். தலைப்பு இருக்கும், போஸ்டர் வரைந்து வைத்திருப்பார், கதை இன்னும் ஒரு பக்கம்கூட எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் போஸ்டரை எடுத்துக்கொண்டு அமெரிக்கக் கம்பெனிகளிடம் போய்ப் பணத்தோடு திரும்பி வருவார். ஃபிராங்கன்ஸ்டைனை வார்னர் வெளியிட்டது. டிராகுலாவை யுனிவர்சலே வெளியிட்டது, அதோடு தன் பழைய படங்களை மறுபடி எடுக்கவும் வழிவிட்டது, 1959-ல் 'தி மம்மி' வந்தது அப்படித்தான். கொலம்பியா, அப்புறம் செவன் ஆர்ட்ஸ். படத்துக்கு முன்பே செலவு கைக்கு வந்துவிடும். உள்ளூரிலும் டிக்கெட் வரியிலிருந்து பிரிட்டிஷ் தயாரிப்பாளர்களுக்குத் திருப்பித் தருகிற ஈடி லெவி பணம் வேறு.

1969, 70 வாக்கில் ஹாலிவுட் கம்பெனிகளுக்கே பெரிய நஷ்டம். பிரிட்டனில் போட்டுக்கொண்டிருந்த முதலீட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஹாமர் மட்டும் இல்லை, அந்த நாட்டு சினிமாவே தள்ளாடியது. உள்ளூர்ப் பணத்தில் எடுத்து உள்ளூரில் மட்டும் ஓட்டினால் எந்த ஸ்டுடியோ நிற்கும்? பிரேவிலேயே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இன்னொன்று, பிரேவை அவர்கள் விரும்பி விடவில்லை. கூட்டுப் போட்டுப் பணம் தந்த ஏபிபிசி என்ற பிரிட்டிஷ் படக் கம்பெனிக்கு எல்ஸ்ட்ரீயில் சொந்த ஸ்டுடியோ இருந்தது. எங்கள் பணத்தில் எங்கள் தளத்தில் எடு என்றார்கள். ஆக வீடு போனதற்கும் காரணம் பணம்தான்.

மூன்றாம்மணி:

இருவருக்கும் வணக்கம். நான் எதிர்க் கட்சி, அந்தப் பழைய பதிலுக்கே ஓட்டுப் போடுகிறேன்.

1968-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஏப்ரலில் ஹாமருக்கு அரசியின் தொழில் விருது கிடைக்கிறது, ஏற்றுமதியில் சம்பாதித்ததற்காக. ஒரு பேய்ப்படக் கம்பெனிக்கு! உச்சியில் நிற்கிறார்கள். அதே வருடம் அமெரிக்காவில் 'ரோஸ்மேரிஸ் பேபி'யும் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டும் வெளியாகின்றன. ஒன்றில் பிசாசு நியூயார்க் அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டி ரூபத்தில் இருக்கிறது. இன்னொன்றில் கடைசியில் யாரும் காப்பாற்ற வருவதில்லை, காப்பாற்ற வேண்டியவர்களே சுட்டுவிடுகிறார்கள். ஹாமர் உலகத்தில் தீமை என்றால் தூரத்துக் கோட்டையில் இருக்கும், சிலுவையும் படித்த ஒரு மனிதரும் போனால் பொழுது விடியும். அந்த நம்பிக்கையே அந்த வருடங்களில் ஜனங்களிடம் தேய்ந்துபோனது. எவ்வளவு பணம் கொட்டினாலும், எந்த வீட்டில் எடுத்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கறுப்புத்திரை:

மூன்றாம்மணி, நீங்கள் சொல்வதை ஒதுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் 'பொழுது விடியும்' காட்சியையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன், ஏனென்றால் என் கட்சி முழுக்க அதில்தான் இருக்கிறது.

1958 'டிராகுலா' முடிவு. நூலக அறை மாதிரி ஒரு பெரிய ஹால், நீளமான மேஜை, கனமான திரைச்சீலை. குஷிங் தரையில் கிடக்கிறார், லீ கழுத்தைப் பிடித்திருக்கிறார். விடுபட்டதும் குஷிங்கின் கண் ஜன்னல் பக்கம் போகிறது, திரைச்சீலை ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம். அப்படியே மேஜைமேல் ஏறி ஓடிப் பாய்ந்து திரையைக் கிழித்து இழுக்கிறார். வெயில் டிராகுலாவின் காலில் விழுகிறது. அப்புறம் இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளை எடுத்துக் குறுக்காக வைத்துச் சிலுவை ஆக்கி, அவனை வெயிலுக்குள் தள்ளிக்கொண்டே போகிறார். அந்தப் பாய்ச்சல் ஸ்கிரிப்டில் இல்லை. நாற்பதைத் தாண்டிய குஷிங் தானே கேட்டு வாங்கிச் செய்தது. ஃபிஷரும் சரி என்றார். நடிகர் இப்படி ஒரு யோசனையைச் சொல்ல, இயக்குநர் கேட்டுக்கொள்ள, கேமராக்காரர் அதற்கேற்ற வெளிச்சத்தை வைக்க, செட் போட்டவர் அந்த மேஜையைத் தாங்கும்படி செய்திருக்க, ஒருவருக்கொருவர் பழகியிருக்க வேண்டும். தினம் ஒரே கேண்டீனில் மதியம் சாப்பிடுகிறவர்களாக இருக்க வேண்டும்.

பெர்னார்ட் ராபின்சனின் வேலையைப் பாருங்கள். ஒரே செட் ஒரு படத்தில் கோட்டை, இரண்டு மாதம் கழித்துப் பாதாள அறை, அப்புறம் விடுதி. தூணுக்கு வேறு பூச்சு, படிக்கட்டு திசை மாறும், சுவரில் வேறு துணி, பார்ப்பவனுக்குத் தெரியவே தெரியாது. 1961 'ஓநாய் மனிதன்' படம் ஏன் ஸ்பெயினில் நடக்கிறது? வேறொரு படத்துக்கு ஸ்பானிய ஊர் செட் போட்டுவிட்டு அந்தப் படம் நின்றுபோனது. செட்டை வீணாக்க வேண்டாம் என்று கதையை ஸ்பெயினுக்கு மாற்றிவிட்டார்கள். ஆலிவர் ரீடுக்குப் பெரிய வேடம் கிடைத்தது அங்கேதான். 1966-ல் வந்த 'பிளேக் ஆஃப் தி ஸோம்பீஸ்', 'தி ரெப்டைல்' இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஜான் கில்லிங் இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தார், ஒரே கிராமத் தெரு. முதல் படத்தில் கல்லறையிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு கைகள் எழும் அந்தக் கனவுக்காட்சியைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் இரண்டாவது படத்தில் அதே தெருவைக் கண்டதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

இப்படி ஒரு வீட்டை விட்டுவிட்டு, படத்துக்குப் படம் வேறு வேறு ஸ்டுடியோவில் வாடகைக்குத் தளம் எடுத்து, புது ஆட்களை வைத்து எடுத்தால் முகம் எப்படி அதே முகமாக இருக்கும்?

நதிக்கரை:

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கறுப்புத்திரை அண்ணா, உங்கள் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதல் ஓட்டை, ஜாக் ஆஷர். சுவரில் பச்சையும் ஊதாவும் ஒளி விழுமே, 1960 'பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா'வில் காற்றாலைக்குள்கூட அந்த நிறங்கள் இருக்கும், அது அவருடைய கை. அவரை ஏன் விட்டார்கள்? ஒளி அமைக்க நேரம் எடுக்கிறார், செலவு கூடுகிறது என்றுதான். பிரேவில் இருக்கும்போதே அது நடந்தது. ஆக அந்தக் 'குடும்பம்' வீட்டிலிருக்கும்போதே ஆளை வெளியே அனுப்பியது.

இரண்டாவது, பிரேவை விட்ட பிறகு வந்த படங்கள். 1967 'குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்', 1968 'தி டெவில் ரைட்ஸ் அவுட்'. ஹாமரின் மிகச் சிறந்த ஐந்து படங்களைச் சொல் என்றால் இந்த இரண்டையும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டாவதில் லீ நல்லவர் பக்கம் நின்று, சுண்ணாம்பு வட்டத்துக்குள் எல்லோரையும் உட்கார வைத்து ராத்திரி முழுக்கக் காவல் காப்பாரே, அந்தக் காட்சியை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. வீடு போனால் உயிர் போனது என்றால் இவை எப்படி வந்தன?

கறுப்புத்திரை:

ஆஷர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை நான் யோசிக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

'டெவில் ரைட்ஸ் அவுட்' பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதை எடுத்தது டெரன்ஸ் ஃபிஷர். இசை ஜேம்ஸ் பெர்னார்ட். செட் பெர்னார்ட் ராபின்சன். தயாரிப்பு ஆண்டனி நெல்சன் கீஸ். இடம் மாறியது, ஆட்கள் இன்னும் கலையவில்லை. அப்படியானால் நான் வீடு என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன், ஆட்கள்தான் விஷயம். ராபின்சன் 1970-ல் இறந்துவிட்டார். ஹிண்ட்ஸும் அதே சமயத்தில் வெளியேறிவிட்டார். ஃபிஷர் 1970களில் வெளிவந்த ஒரே ஒரு ஹாமர் படத்தை எடுத்தார், 'ஃபிராங்கன்ஸ்டைன் அண்ட் தி மான்ஸ்டர் ஃப்ரம் ஹெல்', 1974-ல் வந்தது. அதுதான் அவருடைய கடைசிப் படமும்.

கணக்குப்பிள்ளை:

இப்போது கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டோம்.

1970களைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 1970 ஜூலையில் எக்ஸ் சான்றிதழ் வயதை 16-லிருந்து 18 ஆக்கினார்கள். இனி நிர்வாணம் காட்டலாம் என்று ஆனது. அந்த வருடமே இங்கிரிட் பிட் நடித்த 'தி வாம்பயர் லவர்ஸ்' வந்தது, ஏஐபி என்ற அமெரிக்கக் கம்பெனியின் பணத்தோடு. படம் ஓடியது, அதையே பிடித்துக்கொண்டார்கள். இங்கிரிட் பிட் நல்ல நடிகை, அந்தப் படத்தில் அவர் கண்ணில் ஒரு துக்கம் இருக்கும். அடுத்தடுத்து வந்தவற்றில் அந்தத் துக்கம் இல்லை, வெறும் உடம்பு மட்டும்தான் இருந்தது.

1970களில் ஹாமருக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்த படம் எது தெரியுமா? 1971-ல் வந்த 'ஆன் தி பஸ்ஸஸ்'. டிவி காமெடித் தொடரின் சினிமா வடிவம். பேயே இல்லை. உள்ளூரில் அப்படி ஓடியது. வெளிநாட்டில் அதை யாருக்கு விற்பது?

ஜேம்ஸ் கரேராஸ் விலகும்போது மகன் மைக்கேல் கடன் வாங்கி அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கினார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை உண்டு. 1974-ல் ஹாங்காங் ஷா பிரதர்ஸோடு சேர்ந்து குங்ஃபூவும் ரத்தக்காட்டேரியும் கலந்து ஒரு படம் எடுத்தார். சும்மா உட்காரவில்லை. ஆனால் முன்பணம் தர ஆள் இல்லாத ஸ்டுடியோவை எவ்வளவு நாள் தூக்க முடியும்? 1976 'டு தி டெவில் எ டாட்டர்' நன்றாகவே வசூலித்தது, லாபம் கூட்டாளிகளுக்குப் பிரிந்து போய்விட்டது. 1979-ல் ஹிட்ச்காக்கின் பழைய ரயில் படத்தைப் பெரிய செலவில் மறுபடி எடுத்தார்கள். அதோடு கம்பெனி மூழ்கியது, மைக்கேலும் வெளியே போனார்.

மூன்றாம்மணி:

ஷா பிரதர்ஸ் படத்தில் டிராகுலாவாக லீ இல்லையே என்று அப்போதே ஏமாந்த ரசிகர்கள் நிறையப் பேர். லீக்கு டிராகுலா அலுத்துப்போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. 1966 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' முழுக்க அவர் ஒரு சொல்கூடப் பேசமாட்டார், சீறுவார், அவ்வளவுதான். வசனம் மோசமாக இருந்ததால் பேச மறுத்தேன் என்று லீ சொல்வார். நான் வசனமே எழுதவில்லையே என்று சாங்ஸ்டர் சொல்வார். எது நிஜமோ, தன் பெரிய நட்சத்திரத்துக்கு ஒரு வரி நல்ல வசனம் தர முடியாத நிலைக்கு ஒரு ஸ்டுடியோ வந்துவிட்டது என்றால் கதைகள் தீர்ந்துபோய்விட்டன என்றுதான் அர்த்தம். என் கட்சிக்கு இதையும் ஒரு சாட்சியாக வைக்கிறேன்.

புதுமுகம்22:

எல்லாம் படித்தேன், ஒரு படமும் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிப்பது? இப்போது அந்தக் கம்பெனி இருக்கிறதா?

ரீல்பெட்டி:

இருக்கிறது தம்பி. 1980-ல் டிவிக்காகப் பதின்மூன்று கதைகள் எடுத்தார்கள், 1984-ல் இன்னொரு தொடர், அப்புறம் ரொம்ப காலம் பெயர் மட்டும் இருந்தது. 2007-ல் புது முதலாளிகள் வாங்கி 2010-ல் 'லெட் மீ இன்' எடுத்தார்கள். 2012-ல் டேனியல் ராட்கிளிஃப் நடித்த 'தி வுமன் இன் பிளாக்' பிரிட்டனில் மட்டும் 2 கோடி பவுண்டுக்கு மேல் வசூல். 2023-ல் மறுபடி கை மாறியது. நல்ல படங்களும் உண்டு, ஆனால் லேபிளை மறைத்துவிட்டுப் பார்த்தால் ஹாமர் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆரம்பிக்க 1958 'டிராகுலா'. கிடைத்தால் மீட்டெடுத்த பதிப்பாகப் பாருங்கள். டிராகுலா வெயிலில் கருகும் அந்த முடிவை பிரிட்டிஷ் தணிக்கை அப்போது வெட்டிவிட்டது. ஜப்பானுக்குப் போன பிரதியில் கூடுதலாக இருந்தது என்று ரசிகர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2011-ல் டோக்கியோ திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பழுதடைந்த சுருள்களில் அது கிடைத்தது. லீ தன் முகத்தைத் தானே விரலால் பிராண்டுவார், தோல் உரிந்து வரும். சில நொடிகள்தான்.

நதிக்கரை:

அதைப் பார்த்துவிட்டு, 1994-ல் எடுத்த ஹாமர் ஆவணப்படத்தையும் தேடிப் பாருங்கள் புதுமுகம். பின்னணிக் குரல் லீயும் குஷிங்கும். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து படித்தார்கள். குஷிங்கின் உடல்நிலை மிகவும் மோசமாக இருந்த நேரம், அந்த ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். குரல் மெலிந்துபோயிருக்கும், உச்சரிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

கறுப்புத்திரை:

அதை நான் இன்னும் பார்க்கவில்லை. மாத வரிசையில் 1976-ஓடு நிறுத்திவிட்டேன். இன்று ராத்திரி பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை, மைக்கேல் கரேராஸ் பற்றி நீங்கள் எழுதியதைத் தனி இழையாகப் போடுங்கள். அவருடைய கடைசி மூன்று வருடம் பற்றி விரிவாகப் பேச வேண்டும்.